புருஷன் பெயர் என்ன, சொல்!

போன வெள்ளிக்கிழமை காலை ரங்கூனில் ஐரிஷ்காரர்கள் திடீரென்று பெருகிவிட்டார்கள்.

நம்பமாட்டீர்கள். டல்ஹௌஸி தெருவில் ஒரு வக்கீல் துரையின் ஆபீஸ். அதன் மாடிப்படியில் கீழிருந்து மேல்வரை ஐரிஷ்காரர்கள். இரவல் தொப்பி, இரவல் டை, இந்த வெயிலில் கம்பளிக் கோட்டு! அதில் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். அவருடைய தகப்பனார் நாகப்பட்டினத்திலிருந்து வெங்காய மூட்டையோடு கப்பல் ஏறி வந்தவர். அது எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். என்னைக் கண்டதும் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

என்ன விஷயம் என்றால் – இங்கிலீஷ் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்திருந்தது. வெகு காலத்துக்கு முன் அயர்லாந்திலிருந்து ஒரு சோல்ஜர் தன் பட்டாளத்தோடு பர்மாவுக்கு வந்தான். கூடவே மனைவி, ஒரு சின்னப் பையன். வந்த கொஞ்ச நாளில் தாயும் தகப்பனும் காலராவில் போய்விட்டார்கள். பையன் இங்கேயே எங்கேயோ வளர்ந்து ஆளானான் என்று மட்டும் ஊருக்குத் தகவல் போயிற்று. அப்புறம் ஒன்றும் தெரியாது.

ஊரில் விட்டுவிட்டு வந்த கைக்குழந்தை ஒன்று உண்டு – அந்தப் பையனின் தங்கை. அந்தத் தங்கைக்கு இப்போது தள்ளாத வயது. கண் மூடுவதற்குள் அண்ணன் என்ன ஆனான், அவன் வழியில் யாராவது இருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காக மகள் நோரா வந்திருக்கிறார். சிங்கப்பூருக்குப் போகிற வழியில் ரங்கூனில் இறங்கி, இந்த வக்கீல் துரையிடம் தேடும் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்.

விளம்பரத்தில் குடும்பப் பெயர் மட்டும் இருந்தது: கவனா. பையனுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயரை வேண்டுமென்றே விட்டுவிட்டார் துரை. நேரில் வருகிறவன் அதைச் சொன்னால் அசல், சொல்லாவிட்டால் போலி. நல்ல தந்திரம்தான். நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் ஊர் என்ன பேசிக்கொண்டது? அயர்லாந்தில் சொத்து இருக்கிறதாம், வாரிசு தேடுகிறார்களாம். போதாதா? அதனால்தான் அந்த மாடிப்படிக் கூட்டம்.

அங்கே எனக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். ஆபீஸின் தமிழ்த் துபாஷிக்கு மலேரியா. ஹெட் கிளார்க் ரங்கநாதம் என் சிநேகிதர், பி.ஏ. படித்தவர். தமிழ் மட்டும் தெரிந்த யாராவது வந்தால் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார். தமக்கே தெரியாதா என்றால், ஹெட் கிளார்க் துபாஷி வேலை பார்த்தால் கௌரவம் என்னாவது? ரங்கநாதம் வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிறவர். இந்த வாரமும் படிக்கட்டும்.

விசாரணை ஆரம்பமாயிற்று. முதல் ஆள் ‘ஜான்’ என்றார். அடுத்தவர் ‘ஜேம்ஸ்’. ஒருவர் ‘ஜார்ஜ்’ என்றார் – சக்கரவர்த்தியின் பெயரைச் சொன்னால் தப்பாது என்று நினைத்தார் போலும். நமது நாகப்பட்டினத்து ஐரிஷ்காரர் ‘பாட்ரிக்’ என்று அடித்துச் சொன்னார். அயர்லாந்தில் பாதிப் பேருக்கு அந்தப் பெயர்தான் என்று யாரோ படியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். துரை பென்சிலால் கோடு கிழித்துக்கொண்டே வந்தார்.

நோரா அம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூட வாத்தியாரம்மாவாம். நம் ஊர் வெயிலில் முகம் செம்பருத்தியாய்ச் சிவந்திருந்தது. ஒவ்வொரு கதவு திறப்புக்கும் நிமிர்ந்து பார்ப்பார். ஒவ்வொரு பொய்ப் பெயருக்கும் குடைப்பிடியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். பார்க்கவே பாவமாக இருந்தது.

கடைசியில்தான் அவர் வந்தார் – மேஸ்திரி சம்சாரம்.

எனக்குத் தெரிந்தவர்தான். பஸுண்டாங் பக்கம் மர மில்லில் ‘வெள்ளை மேஸ்திரி’ என்று ஒருவர் இருந்தார். நீலக் கண், தேங்காய் நார் நிறத்தில் தலைமுடி, இடுப்பில் கைலி, வாய் நிறைய வெற்றிலை. பட்டாளத்துச் சமையற்காரர் ஒருவர், நம் தமிழ்க் கத்தோலிக்கர், எடுத்து வளர்த்த பிள்ளை என்று சொல்வார்கள். தமிழில் அவர் திட்டினால் மரம் அறுக்கிறவன் கை நின்றுவிடும். எல்லாருக்கும் அவர் மேஸ்திரிதான். வேறு பெயர் இருக்கும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. அவர் காலமாகிச் சில வருஷம் ஆகிறது.

அவருடைய மனைவி வெள்ளைச் சேலையில், முக்காடு போட்டு, கையில் ஜெபமாலையோடு, வெறுங்காலுடன் வந்து நின்றார். கதவோரம் நின்ற தொப்பிகள் சிரித்தன. அசல் ஐரிஷ் பரம்பரைக்கு இந்தக் கறுப்பு அம்மாளைப் பார்த்தால் சிரிப்பு வரத்தானே செய்யும்?

துரை கேட்டார், நான் தமிழில் சொன்னேன்: “உங்கள் வீட்டுக்காரர் பெயர் என்ன, அம்மா?”

அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார்.

மறுபடி கேட்டோம். பதில் இல்லை. காது கேட்காதா என்றார் துரை. கேட்கும் என்றேன். கல்யாணப் பத்திரம் உண்டா என்றார். அவர்களுக்கு டோங்கூவில் கல்யாணம் நடந்த, மரத்தால் கட்டின மாதா கோயில் தீப்பிடித்துப் போய் வெகு காலம் ஆயிற்று. அதையும் சொன்னேன்.

துரை நாற்காலியில் சாய்ந்தார். “கட்டின புருஷன் பெயரே தெரியாத மனைவியை நான் இப்போதுதான் பார்க்கிறேன்” என்றார்.

ரங்கநாதம் சிரித்தார். பல் தெரிய, துரைக்குக் கேட்கும்படி சிரித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

துரைக்குத் தெரியாது, சரி. நம் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்வதில்லை, சொன்னால் அவன் ஆயுசுக்கு ஆகாது என்று நினைக்கிறார்கள் என்று யார் அவருக்குச் சொல்லியிருப்பார்கள்? அதைச் சொல்லத்தானே ஒரு பி.ஏ. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது? அந்த பி.ஏ. சிரிக்கிறது!

நான் எடுத்துச் சொன்னேன். இது தெரியாமை இல்லை, வழக்கம் என்றேன். துரை, ‘ரொம்ப சௌகரியமான வழக்கம்’ என்றார். எழுதிக் காட்டச் சொன்னார். அந்த அம்மாளுக்கு எழுதத் தெரியாது. மகன் சிரியத்தில் எண்ணெய் ஆலையில் வேலை செய்கிறான், அவன் தகப்பன் பெயரை அவன் தாராளமாகச் சொல்வான், ஆற்றைத் தாண்டி ஆள் அனுப்பலாம் என்றேன். அவனுக்கு இன்றைக்கு லீவு கிடைக்கவில்லை, சாயங்காலம் லாஞ்சில் வந்துவிடுவான். முடியாது என்றார் துரை. மத்தியானத்தோடு விசாரணை முடிகிறது, மறுநாள் காலையில் நோரா அம்மாளுக்குக் கப்பல்.

சாதாரணமாக நம்மவர்களிடையே இந்தச் சிக்கலே வராது. பெண்பிள்ளை விழித்துக்கொண்டு நின்றால் பக்கத்தில் இருக்கிற யாராவது பெயரைச் சொல்லிவிடுவார்கள். அவள் ‘ஆமாம்’ என்று தலையாட்டுவாள். காரியம் முடிந்தது. ஆனால் இங்கே யாருக்கு மேஸ்திரியின் பெயர் தெரியும்? தெரிந்தாலும் சொல்லிக்கொடுக்கக் கூடாதாம். அவராகத்தான் சொல்ல வேண்டுமாம். அந்த மேஸ்திரியை நானே பார்த்திருக்கிறேன், நீலக் கண் என்றேன். கைலி கட்டின வெள்ளைக்காரன் இந்த ஊரில் ஒருவன்தானா என்று கேட்டார். என் சாட்சி குப்பையில் போயிற்று.

நான் குனிந்து, ஒரே ஒரு தடவை சொல்லிவிடுங்கள் அம்மா, ஆபத்துக்குப் பாவமில்லை என்று கெஞ்சினேன்.

அந்த அம்மாள் மெதுவாகத்தான் பேசினார். “அவுக இருக்கும்போதே சொல்லாத பேரு. இப்ப அவுக திரும்பி ஒரு வார்த்தை கேக்க முடியாதுன்னு தைரியத்துல சொல்லச் சொல்றீகளா?”

குனிந்தவன் நிமிர்ந்தேன். அந்த அம்மாளே மேலே பேசினார்.

“சொத்து சுகம் ஒண்ணும் எனக்கு வேண்டாம், ஐயா. சாமியாரு பூசை முடிஞ்சு அந்த வெளம்பரத்தை வாசிச்சாக. அவுக தங்கச்சி உசுரோட இருக்காகளாம். எனக்கு நாத்தனாருதானே? அண்ணன் அனாதையாப் போகலை, பொண்டாட்டி புள்ளை பக்கத்துல இருந்துதான் கண்ணை மூடுனாகன்னு அவுகளுக்குத் தெரியணும். அதுக்குத்தான் வந்தேன்.”

நாத்தனார்! எங்கேயோ கடல்களுக்கு அப்பால், இவர் முகத்தையே பார்த்திராத ஒரு கிழட்டு வெள்ளைக்காரி – இவருக்கு நாத்தனார். உறவு என்றால் உறவுதான், அதில் இவருக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகமெல்லாம் மேஜைக்கு அந்தப் பக்கம்தான். நான் இதை மொழிபெயர்க்க வாயெடுத்தேன். பெயரைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று துரை கையைக் காட்டி நிறுத்தினார். பென்சிலை எடுத்தார்.

அந்தப் பென்சிலைப் பார்த்ததும்தான் என் வாய் அவிழ்ந்தது. இங்கிலீஷில், எல்லாருக்கும் கேட்கும்படி ஒரு கதை சொன்னேன்.

போன மழைக்காலத்தில் நம் ரங்கநாதம் காய்ச்சலாய் விழுந்தார். அவர் சம்சாரம் ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து கேட்டார். நோயாளி பெயர் என்ன என்று கம்பவுண்டர் கேட்டார். சொல்லமாட்டாரே! கடைசியில், ‘ஸ்ரீரங்கத்தில் படுத்திருக்கிறாரே, அவர் பெயர்தான்’ என்றாராம். கம்பவுண்டர் தமிழர், புரிந்துகொண்டு சீட்டு எழுதிவிட்டார். இதை எனக்குச் சொன்னது யார்? ரங்கநாதமேதான்! டீக்கடையில் உட்கார்ந்து, மீசையைத் தடவிக்கொண்டு, ‘என் வீட்டில் அந்தக் கட்டுப்பாடு இருக்கிறது, ஓய்’ என்று பெருமையடித்துக்கொண்டார்.

வீட்டிலே நடந்தால் பத்தினித்தனம்... ஆபீஸிலே நடந்தால் பட்டிக்காட்டுத்தனமா? இதென்ன நியாயம், ஐயா?

ரங்கநாதத்தின் பல் உள்ளே போயிற்று. துரை முதல் தடவையாக அவரைத் திரும்பிப் பார்த்தார்.

ஆனால் காரியம் நடந்தது ஜன்னலோரத்தில். நோரா அம்மாள் எழுந்து வந்தார். “அப்படியானால் பெயரைச் சொல்லாமலே அது யாருடைய பெயர் என்று இவரால் சொல்ல முடியுமா?” என்று என்னைக் கேட்டார்.

துரை குறுக்கிட்டார். விடுகதையெல்லாம் சாட்சியம் ஆகாது என்றார். நோரா அம்மாள் திரும்பி, “காணாமற்போனது என் மாமா; உங்கள் மாமா இல்லை” என்றார். அயர்லாந்துக்காரர்கள் இப்போதுதான் இங்கிலீஷ்காரர்களோடு சண்டை போட்டுத் தனிக்குடித்தனம் போயிருக்கிறார்கள் என்று பத்திரிகையில் படிக்கிறோமே. போகாமல் என்ன செய்வார்கள் என்று அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது.

நான் மேஸ்திரி சம்சாரத்திடம் கேட்டேன். அவர் முகம் தெளிந்தது. கஷ்டமான கேள்வி போய்த் தெரிந்த கேள்வி வந்துவிட்டதல்லவா?

“அது ஒரு அர்ச்சிஷ்டரு பேரு. இங்க யாரும் வைக்கிறதில்லை. அவுக பொறந்த ஊருச் சாமி. கையை நீட்டி செபம் பண்ணிக்கிட்டிருந்தாராம். உள்ளங்கையில ஒரு குருவி வந்து கூடு கட்டி முட்டையும் இட்டுருச்சாம். குஞ்சு பொரிச்சுப் பறந்து போற வரைக்கும் கையை மடக்காம அப்பிடியே நின்னாராம், மனுசன்.”

நான் மொழிபெயர்க்க ஆரம்பித்தேன். ‘உள்ளங்கையில் குருவி’ என்பதற்கு மேல் போகவில்லை. நோரா அம்மாளின் குடை தரையில் விழுந்தது.

“கெவின்” என்றார்.

மேஸ்திரி சம்சாரத்தை அப்போதுதான் பெஞ்சில் உட்கார வைத்திருந்தோம். புருஷன் பெயர் காதில் விழுந்த மாத்திரத்தில், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார். மேஸ்திரியே மில்லிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது எழுந்து நிற்கிற மாதிரி நின்றார். இதற்கு மேல் துரைக்கு என்ன சாட்சி வேண்டுமாம்?

நோரா அம்மாள் விழுந்த குடையை எடுக்காமலே விஷயத்தைச் சொன்னார். அவருடைய தாயார் கைக்குழந்தையாய் இருந்ததால் அண்ணனைப் பற்றி அவருக்கு நேரடி ஞாபகம் இல்லை. வளர்த்தவர்கள் சொன்ன ஒரே ஒரு விஷயத்தைத்தான் ஆயுள் முழுக்கப் பிடித்துக்கொண்டிருந்தார். சின்னக் கெவின் முற்றத்தில் கையை நீட்டிக்கொண்டு, தன் கையிலும் ஒரு குருவி கூடு கட்டாதா என்று மணிக்கணக்கில் நிற்பானாம்.

இதைத் தமிழில் சொன்னேன். மேஸ்திரி சம்சாரம் வாயைப் பொத்திக்கொண்டார்.

“பஸுண்டாங்குலயும் நிப்பாக, ஐயா. காலையில உள்ளங்கை நிறைய நொய்யைப் போட்டுக்கிட்டு வாசல்ல நிப்பாக. ஒரு குருவி வந்ததில்லை. இந்த ஊருக் காக்காதான் வந்து கையைக் கொத்திட்டுப் போகும்.”

அதை நான் இங்கிலீஷில் சொன்னதும் இரண்டு பெண்களும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அழுதார்கள். அப்புறம் மொழிபெயர்க்க எனக்கு வேலை இல்லை.

சொத்து கித்து ஒன்றும் கிடையாது, விசாரிக்கத்தான் வந்தேன் என்று நோரா அம்மாள் சொன்ன செய்தி படிக்கட்டில் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் ஓர் ஐரிஷ்காரரைக் காணோம். எல்லாரும் பழையபடி நாகப்பட்டினத்துக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் இந்த வாரம் நான் சந்தோஷமாக எழுதியிருப்பேன். முடியவில்லையே!

துரை குறித்துக்கொள்ள உட்கார்ந்தார். இறந்தவர் பெயர் – கெவின் கவனா. தொழில் – மர மில் மேஸ்திரி. மகன் பெயர், மகன் வேலை, மகன் இருக்கிற ஊர். மனைவி என்ற இடத்தில்... ஒரு கோடு. பென்சிலால் சின்னதாய் ஒரு கோடு!

பெயர் கேட்கவில்லையே என்றேன். ‘அது முக்கியமில்லை’ என்றார்.

காலை முழுக்க அந்தப் பெண்பிள்ளையை நிற்கவைத்துப் புருஷன் பெயரைச் சொல், சொல் என்று குடைந்தார்களே... உன் பெயர் என்ன என்று ஒருவராவது கேட்டாரா? மறுநாள் இங்கிலீஷ் பத்திரிகை வந்தது. ஐரிஷ் சோல்ஜரின் பேரன் சிரியத்தில் கண்டுபிடிக்கப்பட்டானாம். கெவின் கவனாவுக்கு ‘ஒரு தமிழ்ப் பெண் மூலம்’ பிறந்த மகனின் செய்தி அது.

மூலமாம்! கோயிலில் சாமியார் முன்னால் கைப்பிடித்தவள், காலமெல்லாம் சோறு பொங்கிப் போட்டவள், கடைசி மூச்சுவரை பக்கத்தில் இருந்தவள் – மூலம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பத்திரிகையைக் கசக்கி எறிந்தேன். பிறகு துரையை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம் என்று தோன்றி, எடுத்து நீவிவிட்டேன்.

ஏனென்றால் நாம் என்ன செய்கிறோம்? மேஸ்திரி சம்சாரம், ஹெட் கிளார்க் வீட்டம்மா, இன்னாருடைய தாயார்... பெண்பிள்ளை புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது. அவள் பெயரையோ யாரும் சொல்லமாட்டார்கள். துரை பென்சிலால் போட்ட கோட்டை நாம் வாயால் போடுகிறோம். என் வீட்டிலும் இதே கதைதான், தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை.

அந்த ஆபீஸின் மாடிப்படிக்குக் கீழே மீன் குழம்பும் சேமியாவுமாய் மொஹிங்கா விற்கிறாளே, மா டின் என்கிற பர்மாக்காரி, அவளைப் பாருங்கள். பிறந்தபோது மா டின். கல்யாணம் ஆன பிறகும் மா டின். கிழவியானால் மரியாதைக்கு டோ டின் என்பார்கள், பெயர் அவளுடையதுதான். புருஷன் பெயரைத் தெருக்கோடிவரை கேட்கும்படி கூப்பிட்டுத் திட்டுகிறாள். அவன் ஆயுசு ஒன்றும் குறைந்ததாகத் தெரியவில்லை. நன்றாகக் கொழுத்து, நிழலில் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

இந்த ஊருக்கு வந்து நாம் மொஹிங்கா சாப்பிடக் கற்றுக்கொண்டோம். லோஞ்சி கட்டக் கற்றுக்கொண்டோம். இதை மட்டும் பார்த்துக்கொண்டே இருக்கிறோம், கற்றுக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலை கப்பல் ஜெட்டிக்குப் போனேன். மகனும் தாயும் வந்திருந்தார்கள். மகனுக்குத் தகப்பனாரின் அதே நீலக் கண். நோரா அம்மாள் கையிலும் அந்தப் பத்திரிகை இருந்தது. முகம் முந்தின நாளைவிடச் சிவந்திருந்தது. அது வெயிலால் இல்லை. குடை நுனியால் அந்தச் செய்தியை ஒரு குத்துக் குத்தி, என்னைப் பார்த்துக் கேட்டார்.

“ஊருக்குப் போனதும் என் அம்மா முதலில் கேட்கப் போவது ஒன்றுதான். அண்ணி பெயர் என்ன?”

நான் கேட்டேன். மேஸ்திரி சம்சாரம் தயங்கவே இல்லை. தலை நிமிர்ந்து, கூலிகளின் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும்படி சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு எந்தக் காலத்திலும் தடை இருந்ததில்லை. கேட்க ஆள் வரவில்லை, அவ்வளவுதான். நோரா அம்மாள் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். நாக்கு வளையவில்லை. மறுபடி சொன்னார், மறுபடி... கப்பல் ஊதும்வரை சொல்லிச் சொல்லிச் சரியாகக் கற்றுக்கொண்டுதான் படியேறினார்.

வாசகர்களே, இந்தப் பத்தியில் இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். அந்தப் பெயர் இதுவரை ஓர் இடத்திலாவது வந்ததா? உங்களுக்கும் கேட்கத் தோன்றியிராது. துரை எழுதாததை, இங்கிலீஷ் பத்திரிகை போடாததை, நான் இங்கே போடுகிறேன். இருப்பதிலேயே பெரிய எழுத்தாகப் பார்த்துக் கோக்க வேண்டும் என்று அச்சாபீஸில் சொல்லியிருக்கிறேன்.

ஞானப்பூ.